எண் கேட்டால் எண்தான் வருமா?

இந்த இதழின் கணினிப் பகுதியில் ஒரு சின்ன விஷயம் பார்க்கப் போகிறோம்.

கணினி நிரல் ஒன்று நம்மிடம் "எத்தனை பேர்?" என்று கேட்கிறது. நாம் ஒரு முழு எண்ணை அடிக்கணும். அவ்வளவுதான். இதில் படிக்க என்ன இருக்கு என்று தோன்றும். ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கோட்டை விடுகிற இடம் இதுதான். கேட்பது சுலபம். வந்த பதில் நாம் கேட்டதுதானா என்று பார்ப்பதுதான் வேலை. இதற்கு 'உள்ளீட்டைச் சரிபார்த்தல்' என்று பெயர்.

கணக்குப் பாடத்தில் முழுக்கள் படித்திருக்கிறோம். 0, 1, 2, 3 என்று போகிற எண்களும், −1, −2, −3 என்று போகிற குறை எண்களும் சேர்ந்தது முழுக்கள். பின்னமும் தசமமும் இதில் சேராது. கணினிக்காரர்கள் இதைத்தான் முழு எண் என்கிறார்கள். நிரலில் 'இன்ட்' என்று எழுதுவார்கள்.

பாடத்துக்கு ஒரு கணக்கு

மதிய உணவுக்கு அரிசி அளக்க ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் பதிவேட்டுப்படி 48 பேர். இன்று வந்தவர்கள் 43 பேர். ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நிரல் எண்ணிக்கையைக் கேட்கும். நாம் 43 என்று அடித்தால் 100 ஆல் பெருக்கி "4 கிலோ 300 கிராம்" என்று சொல்லும். தவறான எண் உள்ளே போனால் ஒன்று அரிசி வீணாகும், இல்லையென்றால் யாரோ ஒரு பிள்ளைக்குச் சோறு பத்தாது. இந்தக் கணக்கைக் கடைசி வரைக்கும் மனதில் வையுங்கள்.

1. கீபோர்டு தருவது எழுத்து, எண் அல்ல

முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். நாம் 43 என்று அடிக்கும்போது கணினிக்குப் போவது நாற்பத்து மூன்று என்கிற மதிப்பு இல்லை. 4 என்கிற எழுத்தும் 3 என்கிற எழுத்தும்தான் போகின்றன. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 0 என்கிற எழுத்துக்கு 48. அப்படியே வரிசையாகப் போய் 3 க்கு 51, 4 க்கு 52.

அப்போ இந்த எழுத்துகள் மதிப்பாக மாறுவது எப்படி? குறியீட்டில் இருந்து 48 ஐக் கழிக்கணும். 52 − 48 = 4. 51 − 48 = 3. பிறகு இட மதிப்பு. முதல் இலக்கம் 4. அடுத்த இலக்கம் வந்ததும் 4 × 10 + 3 = 43. இன்னொரு இலக்கம் வந்தால் திரும்பவும் 10 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். நாம் சின்ன வகுப்பில் படித்த ஒன்று, பத்து, நூறு இட மதிப்பேதான்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? ஆண் பிள்ளைகள் 21, பெண் பிள்ளைகள் 22 என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தாகவே வைத்துக் கூட்டினால், பைத்தான் மொழியிலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் 43 வராது. 2122 என்று வரும்! பூ கட்டுவது போல ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்துவிடும். 2122 பேருக்கு அரிசி 212 கிலோ 200 கிராம். ஒரு வகுப்புக்கு!

2. எட்டு விதமான பதில்

"எத்தனை பேர்?" என்று கேட்டால் மனிதர்கள் எப்படியெல்லாம் பதில் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன்.

(அ) 43
(ஆ) 43 பேர்
(இ) 43.5
(ஈ) ஒன்றும் அடிக்காமல் என்டர் மட்டும்
(உ) −43
(ஊ) 430
(எ) நாற்பத்து மூன்று
(ஏ) ௪௩

இதில் (ஆ), (எ), (ஏ) மூன்றையும் எழுதியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மனிதர் படித்தால் மூன்றும் சரியான பதில். (ஈ) கை தவறி நடப்பது. (ஊ) சுழியம் ஒன்று கூடிப்போனது. யாரும் வேண்டுமென்று செய்வது இல்லை. அதனால் நல்ல நிரல் என்பது அடிக்கிறவரைத் திட்டுவது இல்லை, எது வந்தாலும் தடுமாறாமல் நிற்பது.

3. எந்த மொழி என்ன செய்யும்?

ஆணைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.

பேசிக்: 1964 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் மாணவர்களுக்காக உருவாக்கிய மொழி. பிறகு வந்த ஜிடபிள்யூ-பேசிக்கில் எண் கேட்ட இடத்தில் எழுத்தை அடித்தால் "முதலில் இருந்து மறுபடி செய்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிறகு அதே கேள்வியை அதுவே திரும்பக் கேட்கும். எது தவறு என்று சொல்லாது. ஆனாலும் ஒரு நல்ல ஆசிரியர் மாதிரி இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும்.

சி: 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. இதில் 'ஸ்கேன்எஃப்' என்ற ஆணையால் எண்ணை வாங்குவார்கள். "43 பேர்" என்று அடித்தால் 43 ஐ எடுத்துக்கொண்டு "பேர்" என்பதை அப்படியே வரிசையில் விட்டுவிடும். 43.5 என்றால் 43 ஐ எடுத்துக்கொண்டு .5 ஐ விட்டுவிடும். "நாற்பத்து மூன்று" என்றால் எதையும் எடுக்காது. மாறியில் பழைய மதிப்பே இருக்கும். என்டர் மட்டும் தட்டினால் பேசாமல் காத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் கணினி நின்றுபோச்சு என்று நினைப்பார்.

பெரிய வேடிக்கை மடக்கில்தான் நடக்கும். தவறு வந்தால் திரும்பக் கேள் என்று மடக்கு போட்டிருப்போம். ஆனால் அந்தத் தவறான எழுத்துகள் வரிசையில் இருந்து போகவில்லையே! ஸ்கேன்எஃப் மறுபடியும் அதே எழுத்தைப் பார்க்கும், மறுபடியும் மறுக்கும். திரையில் "தவறு, தவறு, தவறு" என்று நிற்காமல் ஓடும். தபால் பெட்டியில் சிக்கிய கடிதத்தை எடுக்காமல் அடுத்த கடிதத்தைப் போடப் பார்ப்பது மாதிரி.

ஸ்கேன்எஃப் தன்னால் எத்தனை மதிப்புகளை வாங்க முடிந்தது என்பதை ஒரு எண்ணாகத் திருப்பித் தரும். 1 என்றால் ஒன்று கிடைத்தது, 0 என்றால் கிடைக்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் பிழை.

சி மொழியில் 'ஏடுஐ' என்று இன்னொரு ஆணை. எழுத்தை எண்ணாக மாற்றும். மாற்ற முடியாவிட்டால் சத்தமே இல்லாமல் 0 தரும். ஒருவர் உண்மையிலேயே 0 அடித்தாரா, வேறு எதையோ அடித்தாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நம் கணக்கில் அன்றைக்கு யாருக்கும் சோறு கிடையாது! அதனால் முழு வரியையும் 'எஃப்கெட்ஸ்' கொண்டு வாங்கி, 'எஸ்டிஆர்டிஓஎல்' என்ற ஆணையால் மாற்றுவது நல்லது. மாற்றுவது எந்த எழுத்தில் நின்றது என்று அது காட்டும். எண் அளவு மீறிப் பெரிதாக இருந்தால் அதையும் தெரிவிக்கும்.

சி++: பதினோராம் வகுப்புக்குப் போனால் கணினி அறிவியலில் படிக்கப் போகிற மொழி. 'சிஇன்' மூலம் வாங்குவார்கள். தவறான எழுத்து வந்தால் சிஇன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அதன் பிறகு சரியான எண்ணை அடித்தாலும் வாங்காது. 'கிளியர்' என்ற ஆணையால் கதவைத் திறந்து, 'இக்னோர்' என்ற ஆணையால் மீதி எழுத்துகளைக் கூட்டித் தள்ளினால்தான் வழிக்கு வரும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் வேலை நடக்காது.

ஜாவா: 1995 இல் வெளிவந்தது. 'ஸ்கேனர்' என்பதில் 'நெக்ஸ்ட்இன்ட்' என்று கேட்டால், எண் இல்லாதது வந்ததும் விதிவிலக்கு என்ற பிழையை எழுப்பி நிரலை நிறுத்திவிடும். இங்கேயும் தவறான சொல் வரிசையிலேயே கிடக்கும், நாம்தான் அப்புறப்படுத்தணும். வாங்குவதற்கு முன்னாடியே 'ஹேஸ்நெக்ஸ்ட்இன்ட்' என்று கேட்டு, "அடுத்து வருவது எண்ணா?" என்று பார்த்துக்கொள்ளலாம். கதவைத் திறப்பதற்கு முன் சன்னல் வழியாகப் பார்ப்பது போல. எழுத்தை எண்ணாக மாற்றும் 'பார்ஸ்இன்ட்' ரொம்பக் கண்டிப்பு. 43 க்கு முன்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் ஏற்காது.

ஜாவாஸ்கிரிப்ட்: இணையப் பக்கங்களில் ஓடும் மொழி. பேர் ஒத்துப்போனாலும் ஜாவாவும் இதுவும் வேறு வேறு. இங்கே இருக்கும் 'பார்ஸ்இன்ட்' ரொம்ப இளகிய மனசு. "43 பேர்" என்றால் 43. 43.5 என்றாலும் 43. 'நம்பர்' என்ற ஆணை "43 பேர்" என்பதை மறுக்கும், ஆனால் வெறும் வரியை 0 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றில் இல்லாத ஓட்டை இன்னொன்றில் இருக்கிறது! மாற்ற முடியாதபோது கிடைக்கும் மதிப்பு 'நேன்', அதாவது எண் அல்ல. அது தனக்குத் தானே கூடச் சமம் இல்லை. அதனால் முதலில் வரி வெறுமையா என்று பார்த்து, பிறகு 'நம்பர்' கொண்டு மாற்றி, 'இஸ்இன்டிஜர்' கொண்டு முழு எண்ணா என்று கேட்கணும்.

பைத்தான்: நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ராஸம் 1991 இல் வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் வரும். 'இன்புட்' எப்போதும் எழுத்தைத்தான் தரும். 'இன்ட்' கொண்டு மாற்றணும். "43 பேர்", 43.5, வெறும் என்டர், "நாற்பத்து மூன்று" நான்கையும் மறுத்து 'வேல்யூஎரர்' என்ற பிழையை எழுப்பும். முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் மன்னிக்கும். பழைய பைத்தான் 2 இல் இன்புட் ஆபத்தானது. பயனர் அடித்ததை நிரல் வரியாகவே எடுத்து இயக்கிவிடும். 40+3 என்று அடித்தால் 43 ஆகும், கெட்ட ஆணையை அடித்தால் அதுவும் நடக்கும்! பைத்தான் 2 க்கான ஆதரவு 2020 சனவரி 1 ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது.

உங்களுக்குத் தெரியுமா?

பட்டியலில் (ஏ) என்று ௪௩ ஐப் போட்டேனே, அது தமிழ் எண்ணில் 43. பைத்தான் 3 இல் இன்ட் அதை மறுக்காது, 43 என்று சரியாக மாற்றிக்கொள்ளும்! ஜாவாவின் பார்ஸ்இன்டும் அப்படியே. யூனிகோடில் தமிழ் இலக்கங்களுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பு குறித்திருப்பதுதான் காரணம். ஆனால் பழைய முறையில் ௪௰௩ என்று, நடுவில் பத்துக்கான ௰ போட்டு எழுதினால் பைத்தான் ஏற்காது. ௰ இட மதிப்பு முறையில் வரும் இலக்கம் இல்லையே! ஜாவாஸ்கிரிப்டின் நம்பருக்கு ௪௩ கூடப் புரியாது, 'நேன்' என்றுவிடும்.

4. நான்கு கேள்விச் சல்லடை

மொழிகள் ஆறு வகையாக இருந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். வரிசை முக்கியம்.

முதல் கேள்வி: ஏதாவது வந்ததா? வெறும் என்டர் இங்கேயே நிற்கும்.

இரண்டாம் கேள்வி: முழுதும் எண்ணா? வரியில் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் எண்ணாக இருக்கணும். பாதி எண், பாதி எழுத்து என்றால் கூடாது. 43.5 உம் இங்கே நிற்கும்.

மூன்றாம் கேள்வி: மாறிக்குள் கொள்ளுமா? படி பாத்திரத்தில் மரக்கால் நெல் கொள்ளாது. ஜாவாவில் இன்ட் என்பது 32 பிட் பாத்திரம். சி, சி++ மொழிகளிலும் இப்போது பெரும்பாலும் அதே அளவுதான். அதில் −2147483648 முதல் 2147483647 வரைதான் கொள்ளும். பைத்தானில் இந்த எல்லை கிடையாது, எண் வளர வளரப் பாத்திரமும் வளரும். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991 வரைக்கும் முழு எண்கள் துல்லியமாக இருக்கும், அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறிப்போகலாம்.

நான்காம் கேள்வி: நம் கணக்குக்குப் பொருந்துமா? −43 கணினிக்குச் சரியான முழு எண். ஆனால் கழித்தல் 43 பிள்ளைகள் சாப்பிட வர முடியாது. 430 உம் சரியான முழு எண்தான், ஆனால் வகுப்பில் இருப்பதே 48 பேர். 0 முதல் 48 வரை என்பது நமக்குத்தான் தெரியும். எந்த மொழியும் இதைத் தானாகக் கேட்காது. முதல் மூன்றுக்கும் மொழி உதவும். நான்காவது நம் பொறுப்பு.

5. கேட்காமல் விட்டதால் நடந்தவை

இது பாடப் புத்தகக் கவலை மட்டும் இல்லை. மூன்று உண்மைச் சம்பவங்கள்.

1996 ஜூன் 4: தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புள்ள 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி நிரலில் இருந்தது. 16 பிட்டில் 32767 வரைதான் கொள்ளும். ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதிய அந்த நிரல் அதற்குப் போதும். ஏரியன் 5 அதைவிட வேகமாகப் போனதால் எண் கொள்ளவில்லை. அந்த இடத்தில் காவல் போடவில்லை. கிளம்பி 40 வினாடிக்குள் நான்கு செயற்கைக்கோள்களோடு ராக்கெட் சிதறியது. அங்கே எண்ணைத் தந்தது மனிதர் இல்லை, கருவி. எங்கிருந்து வந்தாலும் உள்ளீடு உள்ளீடுதான். தவறியது மூன்றாம் கேள்வி.

1997 செப்டம்பர்: அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில் ஒருவர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் 0 என்று உள்ளிட்டார். நிரல் அந்த 0 ஆல் வகுக்கப் பார்த்தது. 0 ஆல் வகுக்க முடியாது என்று நமக்கே தெரியும். அந்தப் பிழை கணினி வலைப்பின்னலில் பரவி, கப்பலை ஓட்டும் இயக்கமே நின்றது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கடலில் அசையாமல் நின்றது கப்பல். 0 முழு எண்தான். அந்த இடத்துக்குப் பொருந்தாத முழு எண். தவறியது நான்காம் கேள்வி.

2005 டிசம்பர் 8: ஜப்பானின் டோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய இடத்தில், 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்கும்படி ஆணை உள்ளிடப்பட்டது. அந்த ஜே-காம் நிறுவனத்துக்கு மொத்தமாக இருந்ததே 14,500 பங்குகள்தான்! திரையில் எச்சரிக்கை வந்தது, ஆனால் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். ரத்து செய்ய முயன்றபோது சந்தையின் கணினிப் பிழையால் அதுவும் நடக்கவில்லை. இழப்பு சுமார் 4,000 கோடி யென். எச்சரிக்கை மட்டும் போதாது, நடக்கவே முடியாத எண்ணை நிரல் உள்ளே விடக்கூடாது என்பதற்கு இது சாட்சி.

6. மறுபடி எப்படிக் கேட்பது?

தவறு என்று கண்டுபிடித்தாயிற்று. இப்போது திரையில் என்ன எழுதுவது? "பிழை" என்று மட்டும் போட்டால் அடித்தவருக்கு ஒன்றும் விளங்காது. நம் நிரலைப் பயன்படுத்துகிறவர் கணினி படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சமையல் செய்யும் அக்காவாக இருக்கலாம், முதல் முறை கீபோர்டைத் தொடும் ஆறாம் வகுப்புத் தம்பியாக இருக்கலாம். அவர்களுக்கு மூன்று செய்தி வேணும்: நீங்கள் அடித்தது என்ன, அதில் எது ஒத்துவரவில்லை, எப்படி அடிக்கணும்.

"'43 பேர்' என்று அடித்தீர்கள். எழுத்து வேண்டாம், எண் மட்டும் போதும். எடுத்துக்காட்டு: 43" என்று எழுதினால் யாருக்கும் புரியும். 430 க்கு வேறு செய்தி: "இந்த வகுப்பில் 48 பேர்தான். 0 முதல் 48 க்குள் அடியுங்கள்." தவறு வேறு என்றால் செய்தியும் வேறாக இருக்கணும்.

7. பைத்தானில் வழிமுறை

வைல் ட்ரூ:
    பதில் = இன்புட்("இன்று எத்தனை பேர்? ")
    ட்ரை:
        பேர் = இன்ட்(பதில்)
    எக்செப்ட் வேல்யூஎரர்:
        பிரின்ட்("எண் மட்டும் அடியுங்கள். எடுத்துக்காட்டு: 43")
        கன்டினியூ
    இஃப் பேர் < 0 ஆர் பேர் > 48:
        பிரின்ட்("0 முதல் 48 க்குள் அடியுங்கள்")
        கன்டினியூ
    பிரேக்

விளக்கம்: 'வைல் ட்ரூ' என்றால் நிறுத்தச் சொல்லும் வரை திரும்பத் திரும்பச் செய். 'ட்ரை' என்றால் முயன்று பார். முடியாவிட்டால் 'எக்செப்ட்' பகுதிக்குப் போ. 'கன்டினியூ' என்றால் மேலே போய் மறுபடி கேள். எல்லாக் கேள்வியையும் தாண்டி வந்தால்தான் 'பிரேக்', அதாவது மடக்கை விட்டு வெளியே வா. நான்கு கேள்வியில் முதல் இரண்டும் ட்ரை பகுதிக்குள் அடங்கின. மூன்றாவது பைத்தானுக்குத் தேவையில்லை. நான்காவது இஃப் வரி.

சிலர் இன்ட்டை முயலாமல் 'இஸ்டிஜிட்' என்ற ஆணையால் எல்லாம் இலக்கமா என்று பார்ப்பார்கள். அதில் இரண்டு சிக்கல். −43 இல் கழித்தல் குறி இருப்பதால் இலக்கம் இல்லை என்று சொல்லும். குறை எண் தேவைப்படும் கணக்கில், வெப்பநிலை கேட்கும்போது, இது உதவாது. இன்னொன்று, அடுக்குக்குறியாக மேலே எழுதும் ² ஐ இலக்கம் என்று ஒப்புக்கொள்ளும், ஆனால் இன்ட் அதை மாற்ற மறுத்துவிடும். அதனால் முயன்று பார்ப்பதே மேல்.

8. சல்லடையில் தப்பும் தவறு

நான்கு கேள்வியும் கேட்டாயிற்று. இனி தவறே வராதா? வரும். 43 க்குப் பதில் 34 என்று அடித்தால்? எண்தான், முழு எண்தான், கொள்ளும், 48 க்குள்ளும் இருக்கு. நான்கையும் தாண்டிப் போய்விடும். 3 கிலோ 400 கிராம்தான் அளப்பார்கள். ஒன்பது பேருக்கான 900 கிராம் குறையும்.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, திருப்பிக் காட்டிக் கேட்பது: "34 பேர், அரிசி 3 கிலோ 400 கிராம். சரியா?" இரண்டு, வேறு வழியில் இன்னொரு முறை கேட்பது. வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை என்று இரண்டையும் கேட்டால், கூட்டினால் 48 வரணும். 34 உம் 5 உம் 39 தான் ஆகும். உடனே மாட்டிக்கொள்ளும். மூன்று, எண்ணுக்குள்ளேயே காவல் வைப்பது. ஆதார் எண்ணின் 12 ஆவது இலக்கம் அப்படிப்பட்ட காவல்காரன். முதல் 11 இலக்கங்களில் இருந்து, நெதர்லாந்தின் வெர்ஹோஃப் 1969 இல் வெளியிட்ட முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும்.

9. எண் மாதிரி இருக்கும், எண் இல்லை

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இலக்கத்தால் எழுதியதெல்லாம் எண் ஆகாது. மதுரையின் தொலைபேசிக் குறியீடு 0452. அதை இன்ட்டாக மாற்றினால் 452 ஆகிவிடும், முன்னால் இருந்த சுழியம் காணாமல் போகும். தொலைபேசி எண், ஆதார் எண், பின்கோடு இவற்றைக் கூட்டிப் பெருக்கப் போகிறோமா? இல்லையே. கணக்குப் போடாததை எழுத்தாகவே வைத்து, எத்தனை இலக்கம் என்று மட்டும் சரிபார்த்தால் போதும்.

பயிற்சி

1. தேர்வு மதிப்பெண் 0 முதல் 100 வரை. 100.0 என்று அடித்தால் பைத்தானின் இன்ட் ஏற்குமா?
2. சி மொழியில் ஏடுஐ 0 தந்தது. பயனர் என்ன அடித்திருப்பார்?
3. சி மொழியின் ஸ்கேன்எஃப்பில் சதவீதக் குறியோடு 'டி' போடாமல் 'ஐ' போட்டு, 043 என்று அடித்தால் என்ன மதிப்பு?
4. 32 பிட் இன்ட்டில் 3000000000 கொள்ளுமா?

விடைகள்

1. ஏற்காது. புள்ளி இருப்பதால் வேல்யூஎரர் வரும்.
2. சொல்ல முடியாது. 0 ஆகவும் இருக்கலாம், எண்ணே இல்லாததாகவும் இருக்கலாம். அதுதான் அதன் குறை.
3. 35. சுழியத்தில் தொடங்கினால் அது எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். 4 × 8 + 3 = 35.
4. கொள்ளாது. 2147483647 தான் உச்சம்.

தோழிகளே, தோழர்களே, எண் வராவிட்டால் சத்தம் போட்டு நிற்கிற நிரலைவிட, சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொண்டு போகிற நிரல்தான் ஆபத்து. நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். தப்பாக ஓடினால் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நிற்கிற பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். நீங்கள் நிரல் எழுதும்போது எட்டு விதமான பதிலையும் நீங்களே ஒருமுறை அடித்துப் பாருங்கள். எட்டையும் தாங்கினால்தான் அது அடுத்தவர் கையில் கொடுக்கத் தகுந்த நிரல்.

சந்தேகம் இருந்தால் இடைவேளையில் கேளுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி